மருத்துவத் துறைப் பட்டங்களும் நம் மாணவரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனையோலைக் கொட்டகையில் ஓர் அரிக்கேன் விளக்குடன் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கல்விச் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இதனால் நான் அடையும் உவகையைச் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு அளித்த அரை மணி நேரமும் அதிலேயே கழிந்துவிடும். ஆகவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

விழா மேடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. “நம் பிள்ளைகளில் எத்தனை பேர் டாக்டர் ஆனார்கள்?” என்பதே அது. கேட்பவர் ஆசையோடு கேட்கிறார். விடை சொல்பவர் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறார். இக்கேள்வி போதாது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. சேர்ந்தவர் யார், எந்த வீட்டிலிருந்து வந்தார், படிப்பை முடித்தாரா, முடித்த பின் எங்கே என்ன ஊதியத்தில் நிற்கிறார் என்பவற்றையும் கேட்டல் வேண்டும். அரசாங்கம் இடங்களை எண்ணுகிறது. அந்த இடத்தில் அமர்ந்த பிள்ளையின் பின்கதையை எண்ணி வைப்பார் எவரும் இலர்.

முதலில் இடங்களின் கதையைச் சிறிது பார்ப்போம். விடுதலைக்கு முன்னும் பின்னும் சென்னை மாகாணத்தில் ‘கம்யூனல் ஜி.ஓ.’ என்று வழங்கிய வகுப்புவாரி ஆணை நடைமுறையில் இருந்தது. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும் ஒவ்வொரு 14 இடங்களையும் அது பங்கிட்டது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1, அந்நாளில் அரிசனர் என்று ஏடுகளில் குறிக்கப்பட்ட நம் மக்களுக்கு 2. இவ்வாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது அவ்வழக்கின் விந்தை! தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின், அதே 1951இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. நாட்டின் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திற்கே ஒரு மருத்துவக் கல்லூரி இடம் காரணமாய் நின்றது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

ஏட்டில் நமக்கு 14க்கு 2 இருந்தது. ஆனால் அந்நாளில் இண்டர்மீடியட் தேறிய பிள்ளை நம் தெருவில் எங்கே இருந்தது? பட்டியல் சாதியாருக்கென மேற்படிப்பு உதவித்தொகை தோன்றியதே 1944இல்தான். வைசிராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலம் அது. இடமும் பணமும் இரண்டும் சேர்ந்தபோதுதான் பிள்ளை கல்லூரிப் படியேற முடிந்தது. இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாருக்கு 18 விழுக்காடு. அதனுள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு 3 விழுக்காடு. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மாநில மக்களில் நாம் நூற்றுக்கு 20 பேர். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 18 பேர்.

இடம் சட்டத்தால் காக்கப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் அமரும் பிள்ளை யார் என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2017இல் நீட் தேர்வு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவை ஆராய 2021இல் அமைந்த நீதியரசர் ஏ.கே.இராஜன் குழு தந்த கணக்கில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மருத்துவப் பட்டப் படிப்பில் சேர்ந்தோரில் தமிழ் வழியில் படித்தவர் 2016-17இல் 14.88 விழுக்காடு, அடுத்த ஆண்டில் அது ஏறத்தாழ 1.6 விழுக்காடு. முந்திய ஆண்டுகளிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மறுமுறை தேர்வெழுதிச் சேர்ந்தவர் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு.

இந்த இரண்டாம் எண்ணை நம் ஊர்க் கணக்கில் பெயர்த்துப் பாருங்கள். ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்து ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் இருந்து, பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டும் என்பது அதன் பொருள். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கும் வீட்டில், கமுதிப் பக்கம் கருவேலங்கரி மூட்டம் போடும் வீட்டில், மண்டபத்துக் கடலில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கும் தாயின் வீட்டில், பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு ‘சும்மா’ இருந்து படிப்பதென்றால் அந்த வீட்டின் ஒரு கூலி நின்றுபோகிறது. மேற்கொண்டு பயிற்சிக் கட்டணமும் வந்து சேர்கிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரில் பிறந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர், 2017 செப்டம்பர் முதல் நாள் உயிர் நீத்தார். அவர் நம் வீட்டுப் பிள்ளை. தேர்விலிருந்து விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் மசோதா நிறைவேற்றியதும், ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. அந்த வழக்காடலை இந்த மேடையில் நான் நீட்டிக்க விரும்பவில்லை. தேர்வு இருக்கும் வரை பிள்ளைகள் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

இருளில் ஒரு சிறு சன்னல் 2020 அக்டோபரில் திறந்தது. நீதியரசர் பொ.கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடங்களைத் தனியே ஒதுக்கும் சட்டத்திற்கு அம்மாத இறுதியில் ஆளுநர் ஒப்புதல் தந்தார். அந்த முதலாண்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் 313, பல் மருத்துவ இடங்கள் 92 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென வந்தன. அதற்கு முந்திய ஆண்டுகளில் மாநிலம் முழுவதிலும் அரசுப் பள்ளியிலிருந்து சேர்ந்தவர்களைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம் என்றிருந்த நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. இந்த 7.5க்குள்ளும் வகுப்புவாரி ஒதுக்கீடு உண்டு.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். இச்சலுகைக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருத்தல் வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. அப்படி மாற்றிய அன்றே அந்தச் சன்னலை நாமே அடைத்துவிடுகிறோம். தலைமையாசிரியன் தன் பள்ளிக்கு ஆள் பிடிக்கிறான் என்று சிலர் முறுவலிப்பது தெரிகிறது. பிடித்துவிட்டுப் போகிறேன், சட்டம் என்னவோ அதுதான்.

அடுத்து, நம் மாவட்டத்துக் கல்லூரி. 2022 சனவரி 12ஆம் நாள் தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் தொடங்கி வைக்கப்பட்டன. அவற்றுள் இராமநாதபுரமும் ஒன்று, இடங்கள் 100. “நம் ஊரிலேயே காலேஜ் வந்துவிட்டது, இனி நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிடும்” என்று மகிழ்ந்தவர் பலர். மகிழ்ச்சி நியாயமே, கணக்கு வேறு. அந்த 100இல் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். எஞ்சிய 85இல் 18 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 15 இடங்கள் பட்டியல் சாதியாருக்கு. அந்த 15இலும் மாநிலம் முழுவதிலுமிருந்து தர வரிசைப்படி பிள்ளைகள் வருவார்கள். கல்லூரி நம் ஊரில் இருக்கிறது. இடம் நம் ஊருக்கென்று இல்லை. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் சேர்த்துப் பார்த்தால், முதல் அணியினர் முழு மருத்துவராக வெளிவருவது 2027ஐ ஒட்டித்தான். அவர்களில் திருவாடானைக்கோ சாயல்குடிக்கோ பணிக்கு வருபவர் எத்தனை பேர் என்பதை அதன் பிறகுதான் காண முடியும்.

சேர்ந்த பின் நடப்பதற்கு வருகிறேன். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்னும் மூன்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறது. எலும்பின் பெயரைத் தமிழில் அறிந்த பிள்ளைக்கு அதே எலும்பு அயலானாகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது; படிப்பு முழுவதையும் ஒன்பது ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே முதலாண்டில் இரண்டு அரியர் என்பது சிறிய செய்தியன்று. அவ்வேளையில் பிள்ளைக்கு வேண்டியது அறிவுரை அன்று. பழைய புத்தகம் கொடுத்து, இரவில் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்து சொல்லித் தரும் மூத்த மாணவர் ஒருவர் வேண்டும்.

அத்தகைய துணை நம் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் நிலையை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006இல் ஒரு குழு அமைந்தது. அக்குழுவிடம் பேசிய நம் மாணவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் ஆசிரியரிடமிருந்து போதிய துணை கிட்டவில்லை என்றனர். நாட்டின் தலைசிறந்த கல்லூரியின் நிலை அது. 2019 மே மாதத்தில் மும்பையில் பாயல் தட்வி என்னும் பழங்குடி மருத்துவர், முதுநிலை மாணவியாக இருக்கையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். இடம் கிடைத்ததோடு நம் கடமை முடிந்தது என்று பெற்றோரும் சங்கமும் எண்ணுதல் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இதுவரை டாக்டர் படிப்பைப் பற்றியே பேசினோம். உண்மையில் நம் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், பெரும்பாலும் சேர்வது அதில் அன்று. செவிலியர் பட்டம், இயன்முறை மருத்துவம், மருந்தியல், ஆய்வக நுட்பம் ஆகியவற்றில்தான். இப்படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கியபோது இந்தியாவில் அத்தகைய பட்டம் தில்லியில்தான் மற்றொன்று. இன்றோ ஊருக்கு ஒரு பலகை தொங்குகிறது. அந்தப் பலகைகளில்தான் ஆபத்து.

என்னிடம் படித்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டா. நல்ல மதிப்பெண் எடுத்தவள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். “நர்சிங் படிப்பு, விடுதி இலவசம், வேலை உறுதி” என்றார். தாயின் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று. மூலச் சான்றிதழ்களை நிறுவனத்தார் வாங்கி வைத்துக்கொண்டனர். படிப்பு முடிந்து கையில் வந்தது ஒரு வண்ணத் தாள். அந்த நிறுவனத்திற்கு அங்கீகாரம் இல்லை; ஆகவே அரசின் செவிலியர் பதிவேட்டில் அவள் பெயர் ஏறாது; பெயர் ஏறாவிட்டால் அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடு செல்ல முடியாது. இன்று அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் வெள்ளுடை அணிந்து ஊசி போடுகிறாள். சம்பளமோ துணிக்கடைச் சம்பளம். கணக்கெடுக்க வருபவர் ஏட்டில் அவளும் ‘மருத்துவத் துறையில் பணி’ என்று பதிவாவாள்.

ஆகவே பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள். தருவது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா? பட்டமென்றால் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? தமிழகத்தில் பெரும்பாலான கல்லூரிகள் 1988 முதல் இயங்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதன் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நேரே பார்த்துவிடலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயின் அதற்குத் தனியே அங்கீகாரம் காட்ட வேண்டும். செவிலியர் படிப்பென்றால் மாநிலச் செவிலியர் பதிவுக் குழுமம் ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மூலச் சான்றிதழைச் சரிபார்த்த பின் கல்லூரிகள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதி மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் ஜூன் மாதத்திற்கு முன்பே கையில் இருத்தல் வேண்டும். தாசில்தார் அலுவலக வரிசையில் ஆகஸ்டில் போய் நிற்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள்.

அங்கீகாரம் பெற்றுப் பட்டம் முடித்தவர் நிலையும் முழுதும் வெளிச்சமன்று. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015 முதல் எடுத்த செவிலியர் பலர் நிரந்தர ஊதியம் இன்றித் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். அதற்காகப் போராடவும் செய்தனர். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குப் பாதை சற்று நேரானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றினால் முதுநிலைப் படிப்பில் பணியிலிருப்போர்க்கான 50 விழுக்காடு ஒதுக்கீடு துணை செய்யும். இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்க.

இன்னொரு கணக்கும் உண்டு. மருத்துவமனைக்குள் நம்மவர் என்றுமே இருந்திருக்கிறார்கள். வார்டைக் கூட்டுபவர், கழிவை அள்ளுபவர், பிணவறையில் நிற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். நோயாளியின் இரத்தம் தோய்ந்த துணியைத் தொட நம் கை வேண்டும். நாடி பிடிக்க வேறு கை வேண்டும் என்ற பாகுபாடு நெடுங்காலம் நடந்தது. ஒப்பந்த முறை வந்தபின் அந்தக் கூட்டும் வேலையும் நிலையற்றதாயிற்று. மருத்துவமனையில் ‘நம் ஆட்கள் எத்தனை பேர்’ என்று எண்ணும்போது எந்த மாடியில் எத்தனை பேர் என்று சேர்த்து எண்ணுக.

நம் கடற்கரைக்கு மருத்துவத் துறையினர் எத்தனை வகையினர் தேவை என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கே காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். மனநலச் செவிலியரும் உளவியலாளரும் அந்தப் பக்கத்தில் போதிய அளவு இருந்திருந்தால் சங்கிலிக்கு வேலை இருந்திருக்குமா? டாக்டர் என்னும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வாட்டுவதை விட்டு, இத்துறைகளையும் அவர்கள் கண்ணில் காட்ட வேண்டும்.

இனிச் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள். வேலூர்க் கல்லூரியில் ஒரு முறை உண்டு. திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர், படிப்பு முடிந்ததும் அந்தத் திருச்சபை சார்ந்த மருத்துவமனையில் ஈராண்டு பணியாற்ற வேண்டும். அனுப்பியவருக்கும் படித்தவருக்கும் இடையிலான கயிறு அறுபடுவதில்லை. நாம் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்க வேண்டா. ஆனால் கயிறு வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு போதும். மாணவர் பெயர், படித்த பள்ளி, பயிற்று மொழி, பெற்றோர் தொழில், சேர்ந்த படிப்பு, கல்லூரி, முதலாண்டுத் தேர்வின் முடிவு, பட்டம் பெற்ற ஆண்டு, பதிவு எண், இன்றைய பணியும் ஊதியமும் ஆகியவை அதில் இருக்கட்டும். இடையில் நின்றவர் பெயரையும் எழுதுக. அவர் பெயரை மறைத்தால் இந்த ஏட்டால் பயனில்லை.

இன்னொன்று. இக்கரையோரத்தில் கிறித்தவம் தழுவிய நம் உறவினர் பலர் உளர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்கள் பட்டியல் சாதிக் கணக்கில் சேர்வதில்லை. அவர்கள் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் எண்ணப்படுகிறார்கள். அரசு ஏட்டில் அவர்களும் நாமும் வேறு வேறு பக்கத்தில் இருந்தாலும் தெருவில் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறோம். நம் பதிவேட்டில் அவர்களுக்கும் இடம் தருக.

வெள்ளி விழா நிதியில் கட்டடத்திற்கு ஒரு பகுதியும் நினைவு வளைவுக்கு ஒரு பகுதியும் ஒதுக்க எண்ணியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். வளைவை அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து. அந்தத் தொகை முதலாண்டு மாணவர்க்குப் புத்தகத்திற்கும், விடுமுறையில் மூத்த மாணவர் வந்து பாடம் சொல்லும் பேருந்துச் செலவிற்கும் போகட்டும்.

150 பக்கப் பேரேடு ஒன்றைக் கோடிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே மேசையில் இருக்கிறது. செவிலியர், மருந்தாளுநர், டாக்டர், ஆய்வக ஊழியர், படித்துக்கொண்டிருப்பவர், பாதியில் நின்றவர் எவராயினும், உங்கள் வீட்டில் இருந்தால் உணவுக்குச் செல்லும் முன் பெயரையும் ஊரையும் எழுதிவிடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்க்கு எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர் அங்கே நின்று எழுதித் தருவார்கள்.